ராமென் கடையில் உண்ணலாமா?
வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

 

மார்க்கப் பிரச்னை மஸ்ஜிதில் மட்டும் வருவதில்லை. வியாபாரிக்கு அது கல்லாப்பெட்டிக்கு முன்னும் வரும், சோற்றுத் தட்டுக்கு முன்னும் வரும். சில மாதங்களுக்கு முன் நமக்கு அப்படியொரு பிரச்னை ஒரு கிண்ணம் சூப்பாக வந்து சேர்ந்தது. நாம் ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், மீதியைக் கடை கற்பித்ததும்தான் நமது கல்வி. ஆயினும் அப்பிரச்னையை விசாரித்துப் பார்த்ததில் தெரிந்துகொண்டவை மற்ற வியாபாரிகளுக்கும் பயன்படும் என்று தோன்றியதால் இங்கே பாடமாக எழுதுகிறோம்.

விஷயம் இதுதான். ஜொகூர் பாருவில் ஒரு தாமானில் நமது மளிகைக் கடை இருக்கிறது. அதன் முகப்பில் சிறிய தேநீர்க் கடையும் மீ கோரிங் அடுப்பும் உண்டு. நாலு கடை தள்ளி ஒரு சீன இளைஞர் ஜப்பானிய ராமென் கடை திறந்தார். ஆடம்பரம் ஒன்றும் இல்லை, பன்னிரண்டு நாற்காலிகள்தான். மீயைத் தாமே பிசைந்து தாமே அறுக்கிறார். விடியுமுன் அடுப்பை மூட்டிக் கோழி எலும்பைப் பகல்வரை கொதிக்க விடுகிறார். கிண்ணம் 16 வெள்ளி. வாசலில் "பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்று ஒரு பலகை. ஹலால் முத்திரை இல்லை.

அவர் முட்டை, இஞ்சி, வெங்காயத்தாள் எல்லாம் நம்மிடமே வாங்குகிறார். எல்லாம் ரொக்கம், ஒரு நாளும் பாக்கி சொன்னதில்லை. ஒரு மாலை, "அங்கிள், நீங்கள் ஒருமுறை என் கடைக்கு வந்து சாப்பிட வேண்டும், காசு வேண்டாம்" என்றார். தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் நம் மருமகன் பக்கத்தில் நின்றிருந்தான். "போவோம் மாமா, கோழிதானே!" என்றான்.

போவதா, வேண்டாமா? போனால் பேணுதல் குறையுமோ என்ற பயம். மறுத்தால் நல்ல அண்டை வியாபாரியின் மனம் நோகுமே என்ற வருத்தம். "பிறகு பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு விசாரிக்கத் தொடங்கினோம்.

1. இந்த உணவு நமக்கு அந்நியமா?

ராமென் என்பது சீனர் கைவழியாக ஜப்பானுக்குப் போன கோதுமை மீ. 1910-ல் டோக்கியோவின் அசாகுசாவில் திறக்கப்பட்ட ராய்ராய்க்கென் என்னும் கடை, யோகோஹாமாவின் சீனச் சமையற்காரர்களைக் கொண்டு இதைச் சாதாரண மக்களின் உணவாக்கியது. 1958-ல் மொமொஃபுக்கு அண்டோ என்பவர் இம்மீயை எண்ணெயில் பொரித்து உலர்த்தி, வெந்நீர் ஊற்றினால் போதும் என்று ஆக்கினார். நாம் கட்டுக்கட்டாக விற்கும் உடனடி மீயும், மாமாக் கடைகளில் கிண்டும் மேகி கோரிங்கும் அந்த வழியில் வந்தவைதாம்.

ராமென் மீக்கு மஞ்சள் நிறமும் இழுவையும் கொடுப்பது காரநீர். சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கலந்த நீரில் மாவைப் பிசைவார்கள். நம் மீ கோரிங்குக்கும் மீ ரெபுஸுக்கும் வாங்கும் மஞ்சள் மீயிலும் காரநீர்தான். ஆகவே இரண்டும் ஒரு குடும்பம்.

ஜொகூருக்கும் வெளியூர் மீ புதிதல்ல. லக்சா ஜொகூரில் போடுவது இத்தாலிய ஸ்பாகெட்டி. சுல்தான் அபூபக்கர் ஐரோப்பாவில் அதை உண்டு மகிழ்ந்து இங்கே கொண்டுவந்தார் என்று ஊரில் சொல்வார்கள். அந்தச் சுல்தான் 1883-ல் ஜப்பானுக்கும் போய்வந்தவர். ஆகவே அந்நிய உணவு என்பதற்காக ஒன்றைத் தள்ளுவது சரியல்ல. கிண்ணத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

2. கிண்ணத்துக்குள் ஐந்து பொருள்கள்

ஒரு கிண்ணம் ராமெனில் ஐந்து பங்குகள் உண்டு. ஒவ்வொன்றையும் தனியே பார்க்க வேண்டும்.

முதலாவது, சூப். கியூஷு தீவின் ஹக்காத்தா நகரில் பேர்பெற்ற "டொன்கொட்ஸு" சூப், பன்றி எலும்பைப் பல மணி நேரம் பொங்கப் பொங்கக் கொதிக்கவிட்டு எடுப்பது. அது பால்போல் வெள்ளையாக இருக்கும். கோழி எலும்பை அதே முறையில் கொதிக்கவைத்தால் "டொரி பைத்தான்". அதுவும் பால்போல் வெள்ளைதான். ஆகவே நிறத்தைக் கண்டு ஒன்றும் தீர்மானிக்க இயலாது. மேலும், கோழி என்று அறிந்தால் மட்டும் போதாது. அது ஷரீஅத் முறைப்படி அறுக்கப்பட்டதா என்பது அடுத்த கேள்வி.

இரண்டாவது, "தாரே" என்னும் சுவைக் கலவை. கிச்சாப், உப்பு, மிசோ என்னும் சோயா விழுது ஆகியவற்றில் ஒன்று இதற்கு அடிப்படை. கிண்ணத்தின் அடியில் இதை ஊற்றி, அதன்மேல் சூப்பை ஊற்றுவார்கள். இதில்தான் மிரினும் சாக்கேயும் சேருகின்றன. சாக்கே அரிசியிலிருந்து ஆக்கும் மது. அதில் ஆல்கஹால் ஏறத்தாழ 15 விழுக்காடு. மிரின் என்பது பசையரிசியையும் கோஜி என்னும் பூஞ்சணத்தையும் வடித்த சாராயத்தில் ஊறவைத்துச் செய்யும் இனிப்புத் திரவம். அசல் மிரினில் ஆல்கஹால் ஏறத்தாழ 14 விழுக்காடு. "பன்றி இல்லை" என்னும் பலகை இந்த இரண்டையும் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. சகோதரர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மீ. மாவு, தண்ணீர், உப்பு, காரநீர் என்றால் தடையில்லை. வெளியிலிருந்து வாங்கும் ஈர மீயில், கெடாமலிருக்க ஆல்கஹால் சேர்ப்பவர்களும் உண்டு.

நான்காவது, மேலே மிதக்கும் எண்ணெய். அது கோழி நெய்யாக இருக்கலாம், பூண்டு எண்ணெயாக இருக்கலாம், பன்றிக் கொழுப்பாகவும் இருக்கலாம்.

ஐந்தாவது, மேலே அடுக்குபவை. "சாஷூ" என்பது வழக்கத்தில் பன்றி இறைச்சி. கோழியில் செய்வோரும் அதே பெயரைச் சொல்வார்கள். பாதி வெந்த முட்டையைக் கிச்சாப்பிலும் மிரினிலும் ஊறவைப்பார்கள். முட்டை நம் கடையிலிருந்து போனதாக இருந்தாலும் ஊறும் தண்ணீர் நம்முடையதல்ல!

3. மார்க்கம் என்ன சொல்கிறது?

திருமறை, பூமியிலுள்ளவற்றில் ஹலாலானதையும் தூய்மையானதையும் உண்ணுமாறு மனிதர் அனைவரையும் அழைக்கிறது (2:168). தானாகச் செத்தது, இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாதவருக்காக அறுக்கப்பட்டது ஆகியவற்றைத் தடுக்கிறது (5:3). மதுவை விலக்குமாறு கட்டளையிடுகிறது (5:90). இவை தெளிவு.

தெளிவில்லாத இடத்துக்கு வழிகாட்டும் ஹதீஸை நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் நாற்பது ஹதீஸில் ஆறாவது. மதரஸாவில் ஓதிய எவரும் மறந்திருக்கமாட்டார். அதன் கருத்தாவது: ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இரண்டுக்கும் நடுவே பலர் அறியாத சந்தேகத்துக்குரியவை உண்டு, அவற்றை விட்டு விலகுகிறவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொள்கிறார். மார்க்கத்தோடு மானத்தையும் சேர்த்துச் சொன்னதை வியாபாரிகள் கவனிக்க வேண்டும்.

அதே சமயம் இன்னொரு ஹதீஸும் புகாரியில் உண்டு. புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் சொல்லப்பட்டதா இல்லையா என்று தெரியாத நிலையைச் சிலர் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நீங்கள் பெயர் சொல்லி உண்ணுங்கள் என்ற கருத்தில் விடை வந்தது. முஸ்லிம் கொடுத்ததைத் துருவித் துருவிச் சந்தேகிக்கும் வழக்கத்துக்கு இதில் இடமில்லை. பேணுதல் வேறு, வீண் சந்தேகம் வேறு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஹலால் ஹராம் பற்றித் தனிப் பாகமே எழுதியிருக்கிறார்கள். பேணுதலை நான்கு படிகளாக வகுக்கிறார்கள். ஃபத்வா தடுத்ததை விடுவது முதற்படி. சந்தேகமுள்ளதை விடுவது இரண்டாவது. தவறில்லாத ஒன்று தவறுக்கு இழுத்துவிடுமோ என்று அஞ்சி விடுவது மூன்றாவது. அல்லாஹ்வுக்காக அல்லாத எதையும் விடுவது நான்காவது. முதற்படி எல்லோருக்கும் கடமை. இரண்டாவது நல்லோரின் வழி. மேற்படிகளைப் பிறர்மேல் சுமத்தி, அவரை ஹராம் தின்றவர் என்று ஏசுவது முறையல்ல.

இனி மிரினுக்கு வருவோம். "கொதித்தால் ஆல்கஹால் ஆவியாகிவிடுமே" என்று மருமகன் கேட்டான். முழுதும் ஆவியாவதில்லை. அமெரிக்க விவசாய இலாகாவின் அட்டவணைப்படி, கால் மணி நேரம் கொதித்த பின்பும் சுமார் 40 விழுக்காடும், இரண்டரை மணி நேரம் கொதித்த பின்பும் சுமார் 5 விழுக்காடும் எஞ்சுகிறது. அஃதன்றி, நம் ஊரில் வழங்கும் ஷாஃபி மத்ஹபில் மது நஜீஸ். அது கலந்தால் உணவும் நஜீஸாகிவிடும். எவ்வளவு எஞ்சியது என்ற கணக்குக்கே அங்கே இடமில்லை. ராவுத்தர் சமூகத்துச் சகோதரர் சிலர், "நாங்கள் ஹனஃபி, சாக்கே திராட்சையில் செய்ததல்லவே" என்று கேட்கக்கூடும். பழைய நூல்களில் அந்த வேறுபாடு உண்டு. ஆயினும் ஹனஃபி உலமாக்கள் ஃபத்வா கொடுப்பது இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் சொற்படி. போதை தருவது எதுவாயினும் சிறிதும் பெரிதும் ஹராம் என்பதே அது.

அப்படியானால் கிச்சாப்? அது புளிக்கும்போது தானாகச் சிறிது ஆல்கஹால் உண்டாகும். 2011 ஜூலையில் மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு இதற்கெனச் சிறப்புக் கூட்டம் நடத்தியது. உணவு தயாராகும்போது இடையில் தானாக உண்டாகும் ஆல்கஹால் நஜீஸல்ல, அவ்வுணவு கூடும் என்று தீர்ப்பாயிற்று. மதுவாகவே ஆக்கப்பட்டதன் கதை வேறு. ஆகவே கிச்சாப்பையும் சாக்கேயையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

பாத்திரத்தையும் பார்க்க வேண்டும். பன்றி ராமெனும் கோழி ராமெனும் ஒரே அடுப்படியில் ஆக்கும் கடையில், கரண்டியும் வடிகட்டியும் இரண்டிலும் புழங்கும். ஷாஃபி மத்ஹபில் பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஹனஃபியில் நன்கு சுத்தமாகும்வரை கழுவினால் போதும். எந்த மத்ஹபானாலும், கழுவாத கரண்டிக்குச் சலுகையில்லை.

4. நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 1974 முதல் அரசாங்கத்தின் இஸ்லாமியப் பிரிவு ஹலால் உறுதிக் கடிதம் கொடுத்து வந்தது. 1994 முதல் சான்றிதழும் முத்திரையும் வந்தன. இப்பொழுது ஜாகிமும் மாநில இஸ்லாமியச் சமய நிர்வாகங்களும் இதைக் கவனிக்கின்றன. ஜொகூரில் ஜாபத்தான் அகாமா இஸ்லாம் நெகிரி ஜொகூர் கவனிக்கிறது.

2011-ஆம் வருஷத்து வியாபார விவரணைச் சட்டத்தின் கீழ் வந்த ஹலால் உத்தரவுகள் 2012 ஜனவரி முதல் அமலாயின. அவற்றின்படி, ஜாகிமோ மாநிலச் சமய மன்றமோ சான்று கொடுக்காத உணவை "ஹலால்" என்று எழுதி விற்பது குற்றம். இதில் சீனர், மலாய்க்காரர், தமிழ் முஸ்லிம் என்ற பேதமில்லை. நம்மவரில் சிலர் தாமே வர்ணம் வாங்கி அரபு எழுத்தில் "ஹலால்" என்று சுவரில் எழுதிக்கொள்கிறார்கள். நல்ல எண்ணத்தில் எழுதினாலும் சட்டத்தில் அது தவறுதான்.

சான்றிதழ் வாங்கியே தீரவேண்டும் என்று உணவுக் கடைகளுக்குக் கட்டாயமில்லை. 2024 செப்டம்பரில் கட்டாயமாக்கலாமா என்ற பேச்சு எழுந்து பெரிய விவாதமாயிற்று. விருப்பத்தின்பேரில் பெறுவது என்ற நிலையே தொடர்ந்தது. ஆகவே முத்திரை இல்லாத கடை எல்லாம் ஹராம் கடை என்பது பொருளல்ல. இன்னும் சான்று பெறாத கடை என்பதே பொருள். "பன்றி இல்லை" என்பதோ கடைக்காரரின் சொந்த வாக்கு. அது சான்றிதழ் அல்ல.

5. அலட்சியமும் அவசரமும்

இரண்டு பக்கத்துத் தவறுக்கும் அண்மைக்கால வரலாற்றிலேயே சாட்சி உண்டு.

2001 ஜனவரியில் இந்தோனேசியாவில் அஜினமோட்டோ மீட்டுக்கொள்ளப்பட்டது. அந்தச் சுவை உப்பில் பன்றி ஏதும் கலந்திருக்கவில்லை. அதை உண்டாக்கும் நுண்ணுயிர்க்கு ஊட்டமாகக் கொடுத்த பொருளைத் தயாரிக்கையில், பன்றியிலிருந்து எடுத்த நொதி பயன்பட்டிருந்தது. அவ்வளவு ஆழத்தில் இருப்பதைக் கடை வாசலில் நின்று கேட்டறிய முடியுமா? முடியாது. அதற்குத்தான் பரிசோதிக்கும் அமைப்பு தேவை.

முத்திரையும் கண்மூடி நம்பத்தக்கதல்ல. 2020 டிசம்பரில் நமது ஜொகூரிலேயே, செனாயில் ஒரு கிடங்கில் அதிகாரிகள் புகுந்து, வெளிநாட்டிலிருந்து வந்த உறைந்த இறைச்சிக்குப் போலி ஹலால் முத்திரை ஒட்டிய மோசடியைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே முத்திரையைக் கண்டால் அதன் எண்ணையும் காலாவதித் தேதியையும் ஜாகிமின் ஹலால் இணையதளத்தில் சரிபார்ப்பது நல்லது. கைத்தொலைபேசி இல்லாத வியாபாரி இன்று யார்?

இனி மறுபக்கம். 2014 மே மாதம் மலேசியாவில் கேட்பரி சாக்கலேட் இரண்டு வகைகளில் பன்றியின் மரபணு காணப்பட்டதாகச் செய்தி பரவியது. கடைகளில் தட்டுகள் காலியாயின; கோபப் பேச்சுகள் எழுந்தன. ஜூன் தொடக்கத்தில் ஜாகிம் தான் எடுத்த மாதிரிகளைச் சோதித்து, பன்றியின் தடம் இல்லை என்று அறிவித்தது. அதற்குள் ஊர்ப் பேச்சு எத்தனை தூரம் ஓடிவிட்டது! நாம் விற்கும் சரக்கின்மேல் ஒருவர் அப்படிப் பேச்சைக் கிளப்பினால் நமக்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஊகத்தில் பெரும்பகுதியை விலக்கும்படி திருமறை கூறுவதும் (49:12) இங்கே நினைவுக்கு வருகிறது.

6. கடைக்குப் போனோம்

இவ்வளவும் அறிந்த பிறகு, வாடிக்கையாளர் இல்லாத ஒரு பிற்பகலில் மருமகனையும் அழைத்துக்கொண்டு ராமென் கடைக்குப் போனோம். "தம்பி, சாப்பிட வரவில்லை, கேட்க வந்தோம். எங்கள் மார்க்கத்தில் சில விஷயம் பார்க்க வேண்டும். தவறாக எண்ணாதீர்கள்" என்றோம். அவர் முகம் வாடவில்லை. "அங்கிள், என் கடையில் மறைக்க ஒன்றுமில்லை" என்று அடுப்படிக்கே அழைத்துப் போனார்.

கோழிப் பெட்டியைக் காட்டினார். ஜாகிம் சான்று பெற்ற அறுப்பகத்தின் சரக்கு. எண்ணெய், அந்தக் கோழித் தோலிலிருந்து அவரே உருக்கியது. மாவு நமக்குத் தெரிந்த ஆலையின் மாவு. பன்றி அந்த அடுப்படிக்குள் வந்ததே இல்லை என்றார். பார்த்தவரையில் நம்பத் தடையில்லை. கடைசியில் தாரே ஆக்கும் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய புட்டி. மருமகன் அதைத் திருப்பிப் படித்தான். அசல் மிரின்.

"இது மதுவா? இனிப்புக்குத்தானே போடுகிறேன்!" என்று அவர் வியந்தார். அவர் நம்மை ஏமாற்றவில்லை. அவர் பலகையில் எழுதியது முழுதும் உண்மை. நாம் கேட்காமல் உட்கார்ந்திருந்தால் தவறு நம்முடையதாக இருந்திருக்கும். அன்று கிண்ணம் வேண்டாம் என்றோம். வருத்தப்படாமல் இரண்டு தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தோம்.

மூன்று வாரம் கழித்து அவரே வந்தார். மிரினுக்குப் பதில் ஹலால் சான்று பெற்ற, மது சேராத சுவைநீர் வாங்கிவிட்டதாகவும், பழைய கலவையைக் கொட்டிப் பாத்திரங்களைக் கழுவிவிட்டதாகவும் சொன்னார். "இப்பொழுது வரலாமா?" என்றார்.

இந்த இடத்தில் நாம் நம் அறிவை நம்பாமல் ஒரு ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டோம். அவர் சொன்ன விடை நம் மனத்தில் தங்கிவிட்டது. அதன் சாரம்: "நீர் கண்ணால் பார்த்து, ஒவ்வொரு பொருளும் ஹலால் என்று அறிந்து உண்டால் அதை ஹராம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீர் இந்த ஊரில் கடைக்காரர். நீர் அங்கே உட்கார்ந்தால், தெருவில் போகிற பத்துப் பேர் அதைப் பார்த்து உள்ளே போவார்கள். அவர்கள் அடுப்படியைப் பார்க்கவில்லை. நாளைக்கு அந்தப் புட்டி திரும்பி வந்தால் அவர்களுக்கு யார் சொல்வது?"

இதை நாம் அதுவரை எண்ணவில்லை. வியாபாரி உட்கார்ந்த நாற்காலியே ஊருக்கு ஒரு முத்திரையாகிவிடுகிறது. நம் நாக்குக்கு மட்டும் தீர்ப்புச் சொன்னால் போதாது; நம்மைப் பார்த்து உண்பவருக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே அந்த இளைஞரிடம், "தம்பி, மனம் கோணாதீர்கள். சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுங்கள். அது வந்தால் நான் ஒருவன் மட்டும் வரமாட்டேன், இந்தத் தாமானே வரும்" என்றோம். விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொரு சரக்குக்கும் ஹலால் ஆதாரம் வேண்டும், முஸ்லிம் பணியாளர் வேண்டும், வெளியிலிருந்து ஹலால் அல்லாத உணவை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம்.

7. மருமகனின் கேள்வி

திரும்பி வரும் வழியில் மருமகன், "மாமா, நம்ம கடையிலே முத்திரை எங்கே?" என்றான்.

விடை சொல்ல இயலவில்லை. மீ கோரிங் அடுப்பு வைத்து எத்தனையோ வருஷமாகிறது. தலையில் தொப்பி இருக்கிறது, சுவரில் ஆயத்துல் குர்ஸி இருக்கிறது, யார் கேட்பார்கள் என்று இருந்துவிட்டோம். அன்றிரவு கதவடைத்த பின் நம் அடுப்படியையும் அதே ஐந்து கேள்வியுடன் பார்த்தோம். கிச்சாப், ஒரு வியாபாரி டின்னில் கொண்டுவந்து ஊற்றிப்போவது, சீட்டு இல்லை. மஞ்சள் மீ, பையில் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. ரொட்டிக்கு நெய் தடவும் தூரிகை எந்த மயிரில் செய்தது என்று நமக்கே தெரியாது! பன்றி மயிர்த் தூரிகைகளை அடையாளமிடாமல் விற்றதற்காக 2017-ல் நாடு முழுவதும் அதிகாரிகள் கடைகடையாகப் பறிமுதல் செய்ததைப் பத்திரிகையில் படித்தவர்கள்தாம் நாம். படித்துவிட்டு நம் தூரிகையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சீன இளைஞர் கூச்சமின்றித் தம் புட்டியைத் திறந்து காட்டினார். நாமோ முஸ்லிம் பெயரையே சான்றிதழாக வைத்துப் பிழைத்து வந்தோம். முஸ்லிம் கொடுத்ததை நம்பி உண்ணலாம் என்ற சலுகை உண்பவருக்கு உண்டு. அச்சலுகையைக் காட்டிச் சரக்கை விசாரிக்காமல் விற்கும் உரிமை விற்பவருக்கு இல்லை.

மறுநாளே தூரிகையை எறிந்தோம். டின் கிச்சாப்பை நிறுத்தினோம். மீயைச் சான்று பெற்ற இடத்துக்கு மாற்றினோம். கிலோவுக்குச் சில காசு கூட ஆகிறது, பொறுத்துக்கொண்டோம். சான்றிதழுக்கும் விண்ணப்பம் எழுதினோம்.

8. பாடத்தின் சுருக்கம்

முத்திரையில்லாத கடை ஒன்றில் உண்ண நேர்ந்தால் சகோதரர்கள் இவ்வாறு செய்யலாம்:

ஒன்று, பலகையில் எழுதியிருப்பதைப் படித்து, எழுதாததைக் கேட்கவும். பன்றி இல்லை என்றால், மது? கோழி என்றால், அறுப்பு?

இரண்டு, சூப், கலவை, மீ, எண்ணெய், மேலுள்ளவை ஆகிய ஐந்தையும், பாத்திரத்தையும் விசாரிக்கவும்.

மூன்று, கேட்பதை வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், மரியாதையாகக் கேட்கவும். வேண்டாம் என்றாலும் நன்றி சொல்லி எழவும்.

நான்கு, தெளிவாக அறியாததை ஹராம் என்று ஊரில் பரப்ப வேண்டாம். ஹலால் என்றும் பரப்ப வேண்டாம்.

ஐந்து, மலிவும் ஹலாலுக்குச் சாட்சியல்ல, விலையுயர்வும் சாட்சியல்ல, கைத்திறனும் சாட்சியல்ல. விடியுமுன் எழுந்து உழைக்கிறவரின் உழைப்பை மதிப்போம். அதன்பொருட்டு விசாரணையைக் கைவிட வேண்டாம்.

ஆறு, இவ்வளவையும் பிறர் கடையில் கேட்குமுன் நம் கடையில் கேட்கவும்.

இதை எழுதும் இன்று, இரண்டு கடைகளின் விண்ணப்பங்களும் பரிசீலனையில் இருக்கின்றன. யாருக்கு முதலில் வரும் என்று அந்த இளைஞர் தினமும் முட்டை வாங்க வரும்போது கேட்கிறார். அவருக்கு முதலில் வந்தால் அவர் கடையில் நாம் காசு கொடுத்து ராமென் உண்பது, நமக்கு முதலில் வந்தால் நம் கடையில் அவர் மீ கோரிங் உண்பது என்று பேச்சு. அதுவரை நாம் அவருக்கு முட்டை விற்கிறோம், அவர் நமக்குத் தேநீர் தருகிறார்.

வல்ல அல்லாஹ் நாம் உண்பதையும் விற்பதையும் ஹலாலாக்கித் தருவானாக! ஆமீன்.